மலிவான டிக்கெட் யார் கைக்குப் போகிறது?

பெரிய இசை நிகழ்ச்சி ஒன்றுக்கு டிக்கெட் விற்றுத் தீர்ந்த மறுநாள் தவறாமல் ஒரு வாதம் கிளம்பும். "பிளாக்கில் நாலு மடங்குக்குப் போகிறதென்றால் அதுதான் அந்த டிக்கெட்டின் உண்மையான விலை. குறைத்து வைத்தது அமைப்பாளரின் தப்பு. ஏற்றி வைத்திருந்தால் பிளாக்குக்கு வேலையே இருந்திருக்காது." சட்டென்று பதில் சொல்ல வராத வாதம் இது. நெடுநாளாக என்னை உறுத்துவதற்குக் காரணம், இது பாதி சரி. முழுக்கத் தப்பென்றால் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம்.

சரியான பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். 100க்கு விற்கும் டிக்கெட்டை 300 கொடுத்து வாங்க ஆள் இருந்தால், நடுவில் நிற்கும் 200 காற்றில் கரைந்துவிடாது. யாராவது ஒருவர் அதை எடுத்துக்கொள்வார். கலைஞர் எடுக்கலாம், அமைப்பாளர் எடுக்கலாம், தரகர் எடுக்கலாம், 100க்கே டிக்கெட் கிடைத்த ரசிகர் எடுக்கலாம். தப்பான பாதி எதுவென்றால், ரசிகருக்கு அது போய்ச் சேரவே முடியாது, ஆகவே அமைப்பாளரே எடுத்துக்கொள்ளட்டும் என்று அவசரமாக முடிவு கட்டுவது. போய்ச் சேர முடியுமா முடியாதா என்பது விலையை மட்டும் வைத்துத் தீர்மானமாகிற விஷயமில்லை. டிக்கெட்டை எப்படி விற்கிறார்கள், வாங்கியவர் அதை யாருக்கு எப்படிக் கைமாற்றலாம் என்ற இரண்டும் அதில் சேர்த்தி.

விலையைக் குறைத்து வைப்பதற்குக் கலைஞர்களிடம் காரணம் இருக்கிறது. காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டு பாடுவது யாருக்கும் பிடிக்காது. முன்வரிசையில் பணக்காரர்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நிகழ்ச்சி சப்பென்று போய்விடும். அரங்கத்தை ஆர்ப்பரிக்க வைக்கிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், அவர்கள் கையில் காசு குறைவு. இன்று 20 வயதில் வருகிறவர் இன்னும் முப்பது வருடம் வருவார் என்ற கணக்கும் உண்டு. மறைந்த பிரின்ஸ்டன் பொருளாதார அறிஞர் ஆலன் குருகர் இசைத்துறையை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். கச்சேரியைச் சந்தைச் சரக்காகப் பார்ப்பதைவிட விருந்தாகப் பார்த்தால் அதன் விலை புரியும் என்பது அவர் கருத்து. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி வரும்: ஒரு கடையில் பனி அள்ளும் மண்வெட்டி 15 டாலர், பெரும் பனிப்புயலுக்கு மறுநாள் காலை அதை 20 டாலராக்குகிறார்கள், இது நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். தேவை கூடினால் விலை கூடும் என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அடுத்த வாரமும் அதே ஆட்கள்தான் கடைக்கு வரவேண்டும். கலைஞரின் நிலைமையும் அதுவேதான்.

பிளாக் என்பது இணையம் கொண்டுவந்த வியாதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சார்லஸ் டிக்கன்ஸ் 1867 கடைசியில் அமெரிக்காவுக்குப் போய் தன் கதைகளை மேடையில் வாசித்தார். டிக்கெட் 2 டாலர். முந்தைய நாள் இரவிலிருந்தே வரிசை. அந்த வரிசைக்குள் தரகர்கள் கூலிக்கு ஆள் நிறுத்தினார்கள். அவருடைய மேலாளர் ஜார்ஜ் டால்பி ஆளுக்கு இத்தனைதான் என்று கட்டுப்பாடு வைத்துப் பார்த்தார், அதற்கும் அவர்கள் வழி கண்டுபிடித்தார்கள். இன்று ஆளுக்குப் பதிலாகத் தானே டிக்கெட் வாங்கும் பாட் என்ற கணினி நிரல்கள் செய்வதெல்லாம் அந்தக் கூலி ஆளின் வேலைதான், வேகம் மட்டும் வேறு.

விற்பனைக்கு வருவது எவ்வளவு

விற்பனை திறக்கும் நிமிடத்தில் அரங்கின் எல்லா இருக்கைகளும் நம் முன்னால் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். நியூயார்க் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2016 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை இந்த நினைப்பை உடைத்தது. அவர்கள் பார்த்த பெரிய நிகழ்ச்சிகளில் சராசரியாக 16 சதவீதம் டிக்கெட் கலைஞர் தரப்பு, அமைப்பாளர், அரங்க நிர்வாகம், விளம்பரதாரர்கள் என்று உள்வட்டத்துக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. 38 சதவீதம் ரசிகர் மன்றம், குறிப்பிட்ட கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் போன்றோருக்கான முன்விற்பனையில் போனது. பொதுமக்களுக்கு வந்து சேர்ந்தது 46 சதவீதம்.

இதை 20,000 இருக்கை உள்ள அரங்குக்குப் போட்டுப் பாருங்கள். பொது விற்பனைக்கு 9,200. ஒருவர் நான்கு வாங்கினால் 2,300 பேர் வாங்கியதும் கடை மூடியாயிற்று. இணைய வரிசையில் இரண்டு லட்சம் பேர் நின்றால் ஒருவருக்கு வாய்ப்பு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். பாட் ஒன்றுகூட நுழையாத நிலையில் வருகிற கணக்கு இது. "ரெண்டே நிமிஷத்துல தீர்ந்துபோச்சு, எல்லாம் திருட்டு" என்று வரும் புலம்பல்களில் கணிசமானவை உண்மையில் இந்த எளிய வகுத்தல் கணக்குதான். அமைப்பாளர்கள் இந்த எண்ணை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிக் கோபம் அடங்கும். சொல்ல மாட்டார்கள். தட்டுப்பாடு மாதிரித் தெரிவது விற்பனைக்கு நல்லது.

பாட் விவகாரத்துக்கு வருவோம். அதே அறிக்கையில் ஒரு தகவல் உண்டு: யூ2 ராக் குழு நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடத்திய நிகழ்ச்சிக்கு ஒரு தரகர் பாட் வைத்து ஒரே நிமிடத்தில் 1,012 டிக்கெட் வாங்கினார். இத்தனைக்கும் ஆளுக்கு நான்கு என்ற வரம்பு அங்கே இருந்தது. வரம்பு எப்படி உடைகிறது என்று பார்த்தால், அது கணக்குக்கு நான்கு, ஆளுக்கு நான்கு அல்ல. நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்கள், வாடகைக்குக் கிடைக்கும் தொலைபேசி எண்கள், ஒரே வங்கிக் கணக்கிலிருந்து கிளைக்கும் மெய்நிகர் கார்டுகள், வீட்டு முகவரியில் ஓர் எழுத்தை மாற்றிப் போடுவது என்று ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு மாற்றுச்சாவி உண்டு. வாங்குவது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ச்சா படங்களைக் கூலிக்குத் தீர்த்துத் தரும் ஆட்களும் இருக்கிறார்கள். இன்னொரு வகை பாட் வாங்குவதே இல்லை. இருக்கையைக் கூடையில் போட்டு, கொடுக்கப்பட்ட சில நிமிடங்கள் முடியும்வரை பிடித்து வைக்கும், விடும், மறுபடி பிடிக்கும். அந்த நேரத்தில் மறுவிற்பனைத் தளத்தில் ஆள் கிடைத்தால் மட்டும் பணம் கட்டும். தரகருக்கு முதலே தேவையில்லை. நமக்கோ திரையில் இருக்கை தெரியும், தொட்டால் காணாமல் போகும்.

முதலில் வந்தவருக்கு முதலில் என்று விற்றால் வேகம்தான் வெல்லும், மனித விரல் நிரலிடம் தோற்கும். அதனால்தான் இப்போதைய இணையக் காத்திருப்பு அறைகள் விற்பனை திறக்கும் நொடியில் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் குலுக்கல் முறையில் வரிசை எண் கொடுக்கின்றன. ஒரு மணி நேரம் முன்னதாக வந்தவருக்கும் பத்து நொடி முன்னால் வந்தவருக்கும் ஒரே வாய்ப்பு. இதில் வேகத்துக்கு மதிப்பில்லை, எண்ணிக்கைக்கு உண்டு. மேலே சொன்ன இரண்டு லட்சத்தில் 2,000 கணக்குகள் ஒரே தரகருடையவை என்றால் அவருக்குச் சராசரியாக 23 ஆர்டர், 92 டிக்கெட். ஒரே நிமிடத்தில் ஆயிரத்தை அள்ளியவரை இது தொண்ணூறுக்கு இறக்குகிறது. பெரிய முன்னேற்றம்தான், ஆனால் தீர்வில்லை. பத்துத் தரகர்கள் வந்தால் மறுபடி ஆயிரத்தைத் தொட்டுவிடும். ஒரு மனிதருக்கு ஒரு கணக்கு என்று உறுதிசெய்யாத குலுக்கல் பாதி வேலைதான்.

தரகரின் நோட்டுப்புத்தகம்

பிளாக்கில் விற்பவருக்குக் கிடைக்கும் லாபம் நாம் நினைப்பதைவிடக் குறைவு, அவருக்கு மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பது நாம் நினைப்பதைவிட அதிகம். ஒரு மாதிரிக் கணக்கு. டிக்கெட்டில் போட்ட விலை 100, சேவைக் கட்டணம் 20, தரகருக்கு அடக்கம் 120. மறுவிற்பனைத் தளம் வாங்குபவரிடம் 25 சதவீதமும் விற்பவரிடம் 15 சதவீதமும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ரசிகர் மொத்தமாக 200 கொடுக்கிறார். அதில் பட்டியல் விலை 160, மீதி 40 தளத்துக்கு. 160இல் இன்னொரு 24 தளத்துக்கு. தரகர் கையில் 136. அடக்கம் போக லாபம் 16. தளத்துக்கு 64. டிக்கெட்டை ஒருநாளும் சொந்தமாக வைத்திராத, விற்காமல் போனால் ஒரு காசும் இழக்காத தளத்துக்கு நான்கு மடங்கு. முதல் விற்பனையும் மறுவிற்பனையும் ஒரே நிறுவனத்தின் கீழ் நடந்தால் அதே டிக்கெட்டில் அது இரண்டு முறை கட்டணம் வாங்குகிறது. அப்படிப்பட்ட நிறுவனம் தரகர்களைத் துரத்திப் பிடிக்க எவ்வளவு ஆர்வம் காட்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2025 செப்டம்பரில் நிகழ்ச்சி அமைப்பு நிறுவனமான லைவ் நேஷன், அதன் டிக்கெட் விற்பனைக் கிளையான டிக்கெட்மாஸ்டர் மீது தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டுகளில் ஒன்று இதுதான்: ஐந்து தரகர்கள் 6,345 கணக்குகளைக் கையில் வைத்து 2,594 நிகழ்ச்சிகளுக்கு 2,46,407 டிக்கெட் வைத்திருந்தது தெரிந்தும் நிறுவனம் கண்டுகொள்ளவில்லை என்கிறது ஆணையத்தின் மனு.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. மறுவிற்பனை விலைக்கு 110 என்று உச்சவரம்பு போட்டால், விற்பவர் கட்டணம் போகத் தரகருக்குக் கிடைப்பது 93 ரூபாய் 50 காசு மாதிரி ஒரு தொகை, அடக்கமோ 120. ஒரு தரகரைக்கூடக் கைது செய்ய வேண்டாம், தொழில் தானாகப் படுத்துவிடும். வரம்பு போட்டால் தெருவோர வியாபாரம் தழைக்கும் என்று எதிர்வாதம் வரும். ஓரளவு நடக்கும்தான். ஆனால் தெருவில் விற்பவர் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து விற்பார். இணையத் தளம் தருவது உலகம் முழுக்க வாடிக்கையாளர், பணத்துக்கு உத்தரவாதம், நம்பகமான முகம். அதைப் பிடுங்கிவிட்டால் அதே தொழில் அதே அளவில் நடக்காது.

ஏற்றிப் பார்த்தார்கள்

விலையை ஏற்றினால் பிளாக் ஒழியும் என்பது சோதித்துப் பார்த்த விஷயம். டிக்கெட்மாஸ்டர் 2003இலேயே நல்ல இருக்கைகளை ஏலம் விட்டது. அந்த ஏலத் தரவுகளை ஆதித்ய பாவே, எரிக் புடிஷ் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் அலசினார்கள். ஏலத்தில் போன இருக்கைகளில் மறுவிற்பனை லாபம் ஏறக்குறைய மறைந்தது, கலைஞர் தரப்பு வருமானம் ஏறக்குறைய இரட்டிப்பானது. பாடப்புத்தகம் சொன்னபடியே நடந்தது. ஆனாலும் ஏலம் நிலைக்கவில்லை. ரசிகருக்குத் தன்னைவிடப் பணக்காரரோடு மல்லுக்கட்டும் உணர்வு. எவ்வளவு கட்டவேண்டி வரும் என்று தெரியாத அவஸ்தை. கலைஞருக்கு "பேராசைக்காரர்" என்ற பட்டம். பிறகு வந்தது பிளாட்டினம் என்ற பெயரில் தேவைக்கேற்ப ஏறும் விலை. ஏலத்தின் விளைவு அதில் உண்டு, ஏலம் என்ற பெயர் கிடையாது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2022இல் இதை அனுமதித்தபோது சில இருக்கைகள் 5,000 டாலரைத் தொட்டன. டிக்கெட்மாஸ்டர் வெளியிட்ட விளக்கத்தின்படி அப்படி விற்றது 11.2 சதவீதம்தான், சராசரி விலை 262 டாலர். விளக்கத்தை யார் படித்தார்கள்? உழைக்கும் மக்களின் பாடகர் என்று பெயரெடுத்தவரின் டிக்கெட் 5,000 டாலர் என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு.

பிரிந்துபோன பிரிட்டிஷ் ராக் குழு ஒயாசிஸ் மறுபடி சேர்ந்து அறிவித்த நிகழ்ச்சிகளின் 2024 ஆகஸ்ட் 31 விற்பனையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சுமார் 150 பவுண்டு என்று அறிவித்த நின்று பார்க்கும் இடம், மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு 355 பவுண்டாகத் தெரிந்தது. வாங்குவதா விடுவதா என்று முடிவெடுக்கக் கையில் சில நிமிடங்கள். அல்காரிதம் நொடிக்கு நொடி விலையை ஏற்றுகிறது என்று எல்லோரும் கொதித்தார்கள். பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் விசாரித்தபோது அப்படி எதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. நடந்தது அதைவிடச் சாதாரணம்: நின்று பார்க்கும் டிக்கெட்டை இரண்டு விலையில் வைத்திருந்தார்கள், மலிவானது தீர்ந்ததும் மற்றதைத் திறந்தார்கள், வரிசையில் நின்றவர்களிடம் இதைச் சொல்லவில்லை. பிளாட்டினம் இருக்கைகள் சாதாரண விலையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்குக்குப் போயின, கூடுதலாக எந்த வசதியும் இல்லை என்பதும் தெளிவாகச் சொல்லப்படவில்லை. இரண்டு விலை வைத்தது குற்றமில்லை. காலையிலேயே "இத்தனை டிக்கெட் 150, இத்தனை 355" என்று அறிவித்திருந்தால் முணுமுணுப்போடு போயிருக்கும். நான்கு மணி நேரம் நின்றவரிடம் விலையை மாற்றிச் சொல்வது வேறு. அவர் ஏற்கனவே செலவழித்துவிட்ட நேரத்தை வைத்து அவரை அமுக்குவது அது.

2023இல் தி க்யூர் செய்தது

விலையை ஏற்றாமல், பிளாக்கையும் விடாமல், நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்று பெரிய அளவில் ஒருவர் முயன்று பார்த்தது தி க்யூர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் வட அமெரிக்கப் பயணத்தில். பாடகர் ராபர்ட் ஸ்மித் மூன்று முடிவுகளை எடுத்தார். தேவைக்கேற்ற விலையும் பிளாட்டினமும் கிடையாது. சில அரங்குகளில் டிக்கெட் 20 டாலரிலிருந்து தொடங்கும். டிக்கெட்டைக் கைமாற்ற முடியாது. வர முடியாதவர் போட்ட விலைக்கே இன்னொரு ரசிகருக்கு விற்கத் தனிச் சாளரம் இருக்கும். மூன்றாவதுதான் உயிர்நாடி. முதல் இரண்டை மட்டும் செய்திருந்தால் தரகர்களுக்கு 20 டாலர் டிக்கெட்டைப் பரிசாகக் கொடுத்த கதையாகியிருக்கும்.

மார்ச் 15 விற்பனை. ஒரு ரசிகர் வெளியிட்ட ஸ்கிரீன்ஷாட் அன்றே பரவியது. 20 டாலர் டிக்கெட் நான்கு, 80 டாலர். ஒவ்வொன்றுக்கும் சேவைக் கட்டணம் 11.65, அரங்கக் கட்டணம் 10. ஆர்டருக்கு 5.50. மொத்தம் 172.10. டிக்கெட்டைவிடக் கட்டணம் அதிகம்! கலைஞர் விலையைக் கட்டுப்படுத்தினார், கட்டணம் அவர் கையில் இல்லை. அந்தக் கட்டணத்தில் அரங்க உரிமையாளருக்கும் பங்கு போகிறது, வசவு மட்டும் டிக்கெட் நிறுவனத்துக்கு. வசவு வாங்குவதும் அந்த வியாபாரத்தின் ஒரு பகுதி என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஸ்மித் வெளிப்படையாகச் சண்டைக்குப் போனார். மறுநாளே டிக்கெட்மாஸ்டர் மலிவான டிக்கெட்டுக்குத் தலா 10 டாலரும் மற்றவற்றுக்குத் தலா 5 டாலரும் திருப்பித் தர ஒத்துக்கொண்டது. 1994இல் பேர்ல் ஜாம் ராக் குழு சேவைக் கட்டணத்தை 1.80 டாலருக்குள் வைக்கச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொல்லியும் நகராத நிறுவனம், பகிரங்கமாக ஒரு கணக்குச் சீட்டு வெளிவந்ததும் ஒரே இரவில் நகர்ந்தது.

செய்திகளில் பெரிதாக ஓடியது இந்தக் கட்டணச் சண்டை. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. சில வாரம் கழித்து ஸ்மித் அறிவித்தார்: ஏறக்குறைய 2,200 ஆர்டர்களில் இருந்த 7,000 டிக்கெட் ரத்து. ஒரு ஆர்டருக்குச் சராசரி மூன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் குடும்பத்தோடு வரும் சாதாரண ரசிகர் மாதிரியே இருக்கும். விற்பனை நேரத்தில் இவற்றைப் பிடித்திருக்க முடியாது. பிடிபட்டது, விற்பனை முடிந்தபின் பட்டியலை நிதானமாக உட்கார்ந்து பார்த்ததால்: போலி விவரங்களில் திறந்த கணக்குகள், மறுவிற்பனைத் தளத்தில் விலைபோட்டு நிற்கும் இருக்கை எண்கள். கைமாற்றம் தடுக்கப்பட்டதால் தரகர்கள் கணக்கின் கடவுச்சொல்லோடு சேர்த்தே விற்கப் பார்த்தார்கள். ரத்தான டிக்கெட் மறுபடி ரசிகர்களுக்கு விற்பனைக்குப் போயிற்று.

ஓட்டையும் இங்கேதான். நியூயார்க், இலினாய், கொலராடோ என்ற மூன்று மாநிலங்களிலும் டிக்கெட்டின் கைமாற்றத்தைத் தடுக்கச் சட்டம் விடுவதில்லை. வாங்கியவருக்கு அதன்மேல் முழு உரிமை என்ற நல்ல நோக்கத்தில் எழுதிய சட்டம். ஆகவே நியூயார்க், சிகாகோ, டென்வர் நிகழ்ச்சிகளில் ஸ்மித்தால் கெஞ்ச மட்டுமே முடிந்தது. குழு அதே, விலைக் கொள்கையும் அதே. வித்தியாசம் கைமாற்றத்தில் மட்டும். அந்த மூன்று நகர டிக்கெட்டுகள் மறுவிற்பனைத் தளங்களில் தொடர்ந்து நின்றன. குறைந்த விலை, தாராளக் கைமாற்றம், ரசிகருக்கே டிக்கெட் என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது. எந்த இரண்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பெயர் போட்ட டிக்கெட்டின் தொல்லைகள்

கைமாற்றத்தைப் பூட்டுவது எளிது, பூட்டியபின் ஒழுங்காக நடத்துவது கடினம். நடைமுறை தெரியாமல் பூட்டினால் தரகரைவிட ரசிகர்தான் முதலில் அடிபடுவார்.

வாசல் கணக்கைப் பாருங்கள். 20,000 பேர், 40 வழிகள், வழிக்கு 500 பேர். பார்கோடு மட்டும் பார்த்தால் ஆளுக்கு 6 விநாடி, மொத்தம் 50 நிமிடம். ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பெயரோடு ஒப்பிட்டால் ஆளுக்கு 20 விநாடி, மொத்தம் 2 மணி 47 நிமிடம். கடைசி ஆள் நுழையும்போது பாதி நிகழ்ச்சி முடிந்திருக்கும், வெளியே நெரிசல் ஆபத்து வேறு. அதனால் விவரம் தெரிந்த அமைப்பாளர்கள் எல்லோரையும் சோதிப்பதில்லை. ஆர்டர் போட்டவரின் அட்டையை மட்டும் பார்த்து அவரோடு வந்தவர்களைச் சேர்த்து உள்ளே விடுவார்கள். அல்லது முன்பகுதி இருக்கைகளுக்கு மட்டும் முழுச் சோதனை, மற்றவர்களில் அங்கொருவர் இங்கொருவர். பிளாக்கில் 300 கொடுத்து வாங்க நினைப்பவருக்கு, வாசலில் திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று தெரிந்தாலே கை பின்வாங்கும். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் இன்னும் சுலபமான வழி: டிக்கெட் விற்பனைக்கு முன்பே புகைப்படத்தோடு பதிவு செய்தாக வேண்டும், அந்தப் படம் டிக்கெட்டிலேயே இருக்கும். முகத்தைப் பார்க்க அட்டை தேடத் தேவையில்லை. முன்பணம் கட்டி, மீதியை வசந்த காலத்தில் கட்டலாம். திரும்பி வந்த டிக்கெட்டை அவர்களே அந்த நேரத்தில் மறுபடி விற்கிறார்கள்.

திரும்பப் பெறும் சாளரம் இல்லாத பெயர்ப்பூட்டு கொடுமை. ஆறு மாதம் முன்னால் வாங்கியவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும், வேலை மாறும், வீட்டில் துக்கம் நடக்கும். போட்ட விலைக்கு, முடிந்தால் சேவைக் கட்டணத்தோடு, அடுத்தவருக்குப் போய்ச் சேர வழி இருக்க வேண்டும். அந்த அடுத்தவரை விற்பவர் தேர்ந்தெடுக்கக் கூடாது, காத்திருப்போர் பட்டியல்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் "விலை 100, மீதி 200ஐத் தனியாக அனுப்பிவிடு" என்ற ஏற்பாடு அன்றே தொடங்கிவிடும். பார்கோடை நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்புதான் திறந்துவிடுவது நல்லது. சில விநாடிக்கு ஒருமுறை மாறும் பார்கோடு படமெடுத்து விற்பதைத் தடுக்கும். வாசலில் சிக்னல் இல்லாவிட்டால் நல்ல டிக்கெட்டையும் தடுக்கும். செயலி இணையம் இல்லாமலும் கோடு காட்ட வேண்டும், போன் அணைந்தவர்களுக்குத் தனி மேசை வேண்டும். இந்த மேசைக்கு ஆள் போட மறப்பதுதான் அடிக்கடி நடக்கிற தவறு.

ஜப்பானில் இதைப் பழக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். பெரிய நிகழ்ச்சிகளுக்குப் பல நாள் திறந்திருக்கும் விண்ணப்பக் காலம், பிறகு குலுக்கல், வென்றவர் பணம் கட்டுவார். நிரலுக்கு வேகத்தால் பயனில்லை. அங்கே 2019 ஜூன் 14 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் பிளாக்கில் விற்பவருக்கு ஓராண்டு வரை சிறை, 10 லட்சம் யென் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. சட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு: விற்கும்போதே வாங்குபவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் உறுதிசெய்து, மறுவிற்பனைக்குத் தடை என்று டிக்கெட்டில் அறிவித்திருந்தால்தான் பாதுகாப்பு. யாருக்கு விற்றோம் என்று தெரியாத அமைப்பாளருக்காகச் சட்டம் எழுந்து வராது. இது எனக்கு மிகவும் பிடித்த வரி. சட்டம் பாதி, விற்பனை ஏற்பாடு பாதி.

மற்ற நாடுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். அயர்லாந்து 2021இல் போட்ட விலைக்கு மேல் விற்பதைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. பிரிட்டன் அரசு 2025 நவம்பரில் இதே திசையில் போவதாக அறிவித்தது, தளங்கள் வாங்கும் கட்டணத்துக்கும் சேர்த்து வரம்பு என்றது. அமெரிக்கா 2016இல் பாட் பயன்பாட்டைத் தடைசெய்யும் சட்டம் கொண்டுவந்தது. முதல் நடவடிக்கை 2021இல், மூன்று தரகு நிறுவனங்கள் மேல். 3.1 கோடி டாலர் அபராதம் விதித்து, கட்ட வசதியில்லை என்று ஏறக்குறைய 37 லட்சம் டாலரோடு முடித்தார்கள். கருவியைத் தடைசெய்து லாபத்தை விட்டுவைத்த சட்டம் அது. லாபம் இருக்கும்வரை அடுத்த கருவி வரும்.

வாங்குபவர் கையில் இருப்பது கொஞ்சம்தான். பொது விற்பனை தொடங்குவதற்கு முன்பே ஒரு தளத்தில் "டிக்கெட்" நின்றால் அது கையில் இல்லாத சரக்கு. வரிசை, இருக்கை எண் சொல்லாமல் பகுதியை மட்டும் சொல்லும் பட்டியலும் அப்படித்தான். விற்றுவிட்டுப் பிறகு தேடுவார்கள், கிடைக்காவிட்டால் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் பணத்தைத் திருப்பி அனுப்புவார்கள். உங்கள் ரயிலுக்கும் தங்குமிடத்துக்கும் யார் திருப்பித் தருவார்கள்? விற்றுத் தீர்ந்தது என்ற அறிவிப்பைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மேடை எழும்பி, ஒலிப்பலகையும் கேமராவும் எந்த இருக்கையை மறைக்கின்றன என்று தெரிந்தபின், அதற்காகப் பிடித்து வைத்திருந்த இடங்களை நிகழ்ச்சிக்கு முந்தைய சில நாட்களில் சத்தமில்லாமல் விடுவிப்பார்கள், போட்ட விலையிலேயே. மறுவிற்பனையில்தான் வாங்கியாக வேண்டும் என்றால் கடைசி இரண்டு நாள் வரை பொறுக்கலாம். தரகர் கையில் தேங்கியது அரங்கின் விளக்கு அணைந்ததும் வெறும் காகிதம் என்பதால் பல நிகழ்ச்சிகளில் விலை அப்போது சரியும். வெளியூரிலிருந்து வர வேண்டியவருக்கு இந்த யோசனை உதவாது.